கடைசி இரண்டு பெஞ்சுகளின் சிவப்பு

கணக்கு வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. நாட்டில் கணக்கைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது. இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஆசிரியர் அறையில் நான் உட்கார்ந்திருந்த விதத்திலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளிக்கூடம் கர்நாடகத்தின் தங்கச் சுரங்க ஊரில், மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. தமிழ் மீடியம். பெரும்பாலான பிள்ளைகளின் அப்பாக்கள் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்தார்கள். சுரங்கத்தை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. அதனால் சில வீடுகளில் அம்மாக்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் இல்லை. என் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து கனரக இயந்திரத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நாங்கள் பேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வீட்டில் 'என்ன' என்போம். பள்ளிக்கூடத்தில் 'இன்னா'. முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகளின் 'இன்னா'வைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாதம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து "இன்னாம்மா குழம்பு?" என்று நானே கேட்டேன். அம்மா கரண்டியோடு நின்று என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

பரீட்சை மார்க்கைக் கலர் கட்டமாகப் போடுகிற யோசனை எனக்கு வந்தது அப்பாவின் தொழிற்சாலையில். ஆயுத பூஜை அன்று குடும்பத்தார் எல்லாரையும் உள்ளே விடுவார்கள். இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அப்பா வேலை பார்த்த சோதனைப் பிரிவின் சுவரில் பெரிய கட்டம் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. சோதனையில் தேறிய உருப்படிக்குப் பச்சைப் புள்ளி, தேறாததற்குச் சிவப்பு. பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே சிவப்பு எங்கே கூடியிருக்கிறது என்று தெரிந்தது.

"இதைப் பார்த்தா எந்த மெஷின்ல கோளாறுன்னு அன்னைக்கே புடிச்சிடலாம்" என்றார் அப்பா.

அந்த வாக்கியத்தில் 'மெஷின்' என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பில் எனக்கு நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். அந்த வகுப்பறை வெள்ளைக்காரர் காலத்தில் ஏதோ சாமான் கிடங்காக இருந்ததாம். தகரக் கூரை போட்ட நீளமான அறை. அகலம் குறைவு. ஆண்பிள்ளைகள் பக்கம் ஆறு பெஞ்சு, பெண்பிள்ளைகள் பக்கம் ஆறு பெஞ்சு, பெஞ்சுக்கு நான்கு பேர். வருஷத் தொடக்கத்தில் டிரில் மாஸ்டர் வந்து எல்லாரையும் உயர வரிசையில் நிறுத்தி, குள்ளமானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால் என்று உட்காரவைத்துவிட்டுப் போவார். ஒரு பக்கக் கோடியில் கரும்பலகை. பெயர்தான் கரும்பலகை. சாம்பல் நிறத்துக்கு வந்து பல வருஷமாகியிருந்தது.

தசரா விடுமுறை முடிந்ததும் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். கேள்வித்தாள் அச்சடிக்கிற உருளை இயந்திரம் பழுதாகியிருந்ததால் பத்துக் கேள்வியையும் பலகையிலேயே எழுதிப்போட்டேன். அன்று சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை கடையில் நான்கு கிராஃப் தாளும் ஒரு பெட்டி ஸ்கெட்ச் பேனாவும் வாங்கினேன். தாள்களை ஒட்டி, இடப்பக்கம் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி நாற்பத்தெட்டுப் பெயர், மேலே ஒன்றிலிருந்து பத்து வரை கேள்வி எண். விடை சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் கவிழ்ந்து படுத்துக் கட்டம் கட்டமாக நிரப்பினேன். அப்பா இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனார். மூன்றாவது முறை, "பரீட்சைத் தாளைத் திருத்துறதை விட இதுக்கு நேரம் அதிகமாகுது போலிருக்கே" என்றார். முன்னோடிகளுக்கு வீட்டில் மரியாதை கிடைப்பதில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறைச் சுவரில் அதை ஒட்டினேன். முதலில் வந்து பார்த்தவர் டிரில் மாஸ்டர். ஐம்பது வயதிருக்கும், விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி நான் பார்த்ததே இல்லை.

"இன்னா சார் இது? ஒரே தக்காளியும் பச்சமொளகாயுமா இருக்குது?"

"மாஸ்டர், இது பிள்ளைங்களோட அறிவை அப்படியே கண்ணுக்குக் காட்டுற படம்."

"அப்பிடியா? நம்ம பசங்க மண்டைக்குள்ள இவ்ளோ கலர் இருக்குதுன்னு தெரியாம போச்சு."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த அமைதியான அம்மாள். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இதுல உங்களுக்கு என்ன தெரியுது சார்?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நான்காவது, ஆறாவது, ஒன்பதாவது கேள்விகளின் கீழே மட்டும் சிவப்பு அதிகம். பதினாறு பேருக்கு மூன்றிலும் சிவப்பு. மற்றவர்களுக்கு அங்கே பெரும்பாலும் பச்சை. நான்காவது சமன்பாடு, ஆறாவது முக்கோணத்தின் கோணம், ஒன்பதாவது செவ்வகத்தின் சுற்றளவு.

"பதினாறு பேருக்கு மூணு விஷயத்துல அடிப்படையே இல்லை, மேடம். நோய் இன்னதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனி மருந்துதான்."

மருந்து என்றால் சிறப்பு வகுப்பு. இரண்டு வாரம், பள்ளி விட்ட பிறகு, தினமும் முக்கால் மணி நேரம். பதினாறு பேரையும் முன் பெஞ்சுகளில் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டேன். முதல் நாளே ஒரு ஆச்சரியம். சமன்பாடு கொடுத்தால் சட்டென்று போட்டார்கள். கோணம் கொடுத்தால் போட்டார்கள். சுற்றளவும் போட்டார்கள். அதிலும் ஒரு பெண், வகுப்பிலேயே நெட்டை, எண்ணெய் வழியப் பின்னிய இரட்டைச் சடை, நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள்.

கொஞ்சம் மூளை இருக்கிற எவனும் இந்த இடத்தில் யோசித்திருப்பான். முதல் நாளே எல்லாம் தெரிகிறவர்களுக்கு எதற்குச் சிறப்பு வகுப்பு? நான் யோசிக்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்கிற அழகு அப்படி, ஐந்தே நிமிஷத்தில் ஏறிவிடுகிறது என்று எடுத்துக்கொண்டேன். நெட்டைப் பெண் ஒரு நாள், "சார், இதெல்லாம் எங்களுக்கு முன்னாடியே தெரியும் சார்" என்றாள். "தெரிஞ்சா ஏன் தப்பு விட்டே? அடக்கம் வேணும்" என்றேன். அடக்கத்தைப் பற்றி நான் பேசியிருக்கிறேன்.

சிறப்பு வகுப்புக்கும் ஒரு படம் போட்டேன். ஒரே பச்சை. அந்த வாரம் பார்த்துக் கல்வி அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். தலைமையாசிரியை அவரை என் இரண்டு படங்களின் முன்னால் கூட்டிவந்து நிறுத்தினார். நான் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு விளக்கினேன், முதலில் இது, பிறகு இது என்று. அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கன்னடத்தில், "ரொம்ப நன்றாக இருக்கிறது. சுற்றிலும் ஒரு பார்டர் கட்டினால் இன்னும் எடுப்பாக இருக்கும்" என்றார். அன்று மாலையே பூக்கொடி போட்டுப் பார்டர் கட்டினேன்.

அதற்கடுத்த வாரம் இரண்டாவது பரீட்சை. மறுபடி பலகையில் எழுதிப்போட்டேன், அதே மாதிரிக் கணக்குகள், வேறு எண்கள், வேறு வரிசை. எழுதி முடித்து, சாக்பீஸ் தூள் போகக் கையைத் தட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து நெட்டைப் பெண் எழுந்தாள்.

"சார், ரெண்டாவது கணக்குல அது ஒண்ணா, ஏழா?"

"கண்ணைத் தொறந்து பாரு. பரீட்சையில பேச்சு கூடாது. உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள். அந்த நிமிஷம் எனக்கு அப்போதே மறந்துபோனது.

திருத்தி முடித்துப் படம் போட்டபோது கை நின்றுவிட்டது. அதே பதினாறு பேர். இந்த முறை இரண்டு, ஐந்து, எட்டு ஆகிய கேள்விகளில் சிவப்பு. இரண்டு வாரச் சிறப்பு வகுப்பு, பூக்கொடி பார்டர், குச்சி, எல்லாம் போயிற்று. சிவப்புப் பேனா பாதியிலேயே தீர்ந்துபோய் மீதிக் கட்டங்களுக்கு ஆரஞ்சு போட்டேன்.

டிரில் மாஸ்டர் டீயோடு வந்து நின்று பெயர்களைப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர், "சார், இது எல்லாம் நம்ம பின் லைன் பசங்களாச்சே" என்றார்.

"எந்தப் பின் லைன்?"

"நான் நிக்க வெச்சேன் இல்ல, உயரப்படி. இவன், இவன், இந்தப் பொண்ணு, அது பக்கத்துல உக்கார்றது... எல்லாம் ரெண்டு பக்கமும் கடைசி ரெண்டு பெஞ்சு."

பதிவேட்டு வரிசையில் பெயர் எழுதியிருந்ததால் சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்திருந்தது. அன்று இரவே உட்காரும் வரிசைப்படி பெயர்களை மாற்றி எழுதிப் புதுப் படம் போட்டேன். மேலே எல்லாம் பச்சை. அடியில் கடைசி இரண்டு பெஞ்சும் அடுப்பு மாதிரி சிவந்து கிடந்தது. இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் படுமோசம்.

பரீட்சைத் தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதுவரை என் விடைப் பட்டியலோடு ஒப்பிட்டு டிக், பெருக்கல்குறி என்று போட்டுக்கொண்டே போவேனே தவிர, தப்பு விடை என்ன என்று படித்ததே இல்லை. இப்போது படித்தேன். இரண்டாவது கணக்குக்குப் பதினாறு பேரும் முப்பது என்று எழுதியிருந்தார்கள். ஐந்தாவதுக்குப் பதினாறு பேரும் நூற்றைந்து. எட்டாவதுக்கு முப்பத்திரண்டு. எல்லாரும் ஒரே தப்பு. எல்லாரும் அடுத்தடுத்து உட்காருகிறவர்கள்.

காப்பி.

மறுநாள் வகுப்பில் படத்தைப் பலகையில் தொங்கவிட்டேன். கடைசி இரண்டு பெஞ்சையும் எழுந்து நிற்கச் சொன்னேன். "ஒருத்தர் போட்டதைப் பதினாறு பேர் பாத்து எழுதியிருக்கீங்க. யார்கிட்டேருந்து?" அந்தப் பக்கத்தில் கணக்கு நன்றாக வருவது நெட்டைப் பெண்ணுக்குத்தான். ஆகவே அவள்தான் காட்டியிருக்க வேண்டும். என் தர்க்கம் அப்படி ஓடியது.

"நீதானே காட்டினே?"

"இல்ல சார். போர்டுல இருந்ததைத்தான் சார் போட்டேன்."

"போர்டுல இருந்ததைப் போட்டா இருபத்துநாலு வரும். முப்பது எப்படி வரும்?"

"நான் கேட்டேன் சார்..."

"என்ன கேட்டே? எதுத்துப் பேசுறியா? நாளைக்கு உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா."

அவள் அழவில்லை. உட்கார்ந்து நோட்டைத் திறந்து, நான் அன்று நடத்திய பாடத்தை ஒரு வரி விடாமல் எழுதினாள். அழுதிருந்தால் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வந்திருக்காது. அழாததால் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அவள் அம்மா வந்தார். பெங்களூரில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை. தினமும் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் போய் இருட்டின பிறகு திரும்புகிறவர். அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வகுப்பை மைதானத்தில் ஓடவிட டிரில் மாஸ்டர் வெளியே அழைத்துப் போயிருந்தார். அறையில் நானும் நெட்டைப் பெண்ணும் இருந்தோம். தலைமையாசிரியையையும் வரச்சொல்லி என் நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன். நான் காப்பியைக் கண்டுபிடித்த முறையை அவரும் ஒருமுறை கேட்டால் நன்றாக இருக்கும் என்று ஆசை.

அந்தம்மா கேட்டிலிருந்து நேராக நடந்து, அறையின் பின்பக்கக் கதவு வழியாக வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையில் ஒயர் கூடையோடு கடைசி பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். முன்னால் வரச்சொன்னேன். "பரவால்ல சார், இங்கயே நிக்கறேன்" என்றார்.

நான் படத்தைப் பற்றி ஆரம்பித்தேன். பச்சை, சிவப்பு, கடைசி பெஞ்சு, ஒரே தப்பு. அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"சார், இவ காப்பி அடிச்சிருந்தா நானே இங்க வெச்சு ரெண்டு போடுவேன். உங்களுக்கு சிரமம் வேணாம். ஆனா இன்னா கணக்கு குடுத்தீங்கன்னு ஒருவாட்டி எழுதிக் காட்டுங்க. நானும் எட்டாவது வரைக்கும் படிச்சவதான்."

எழுதிக் காட்டுவதில் எனக்கு என்ன தயக்கம்? சாக்பீஸை எடுத்து, பரீட்சை அன்று எழுதியது போலவே இரண்டாவது கணக்கைப் பலகையில் எழுதினேன். எக்ஸ் கூட்டல் ஏழு, சமம் முப்பத்தொன்று. எக்ஸின் மதிப்பு என்ன?

அந்தம்மா கண்ணைச் சுருக்கிப் படித்தார். "எக்ஸ் கூட்டல் ஒண்ணு, முப்பத்தொண்ணு." கொஞ்ச நேரம் உதடு அசைந்தது. "முப்பதுதானே சார் வரும்?"

"ஒண்ணு இல்லம்மா. ஏழு."

"எங்க சார் ஏழு?"

நான் பலகையை விரலால் தட்டினேன். "இதோ."

"அதா? அது ஒண்ணு சார்."

தலைமையாசிரியை எழுந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே மெதுவாக நடந்து பின்னால் போய் அந்தம்மாவின் பக்கத்தில் நின்றார். கண்ணாடியை ஏற்றினார். இறக்கினார்.

"சார், பக்கத்துலயே ஒரு ஒண்ணு எழுதுங்க."

எழுதினேன்.

"இப்ப நீங்க இங்க வாங்க."

போனேன். சாம்பல் பலகையில், தகரக் கூரை இடுக்கிலிருந்து விழுந்த வெளிச்சத்தில், இரண்டு குச்சிகள் நின்றுகொண்டிருந்தன. எனக்கு ஏழின் தலையில் கோடு இழுக்கிற வழக்கம் கிடையாது. உச்சியில் லேசாக ஒரு வளைவு, அவ்வளவுதான். வேகமாக எழுதுகிறவன் என்ற பெருமையில் அந்த வளைவும் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துபோயிருந்தது. முன்னால் நான்கு பெஞ்சு வரைக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பின்னால் நான் எழுதிய ஏழெல்லாம் ஒன்று.

மற்றக் கணக்குகளும் மனதில் தானாக ஓடின. எழுபத்தைந்து டிகிரி, அறுபது டிகிரி, மூன்றாவது கோணம் என்ன? எழுபத்தைந்தைப் பதினைந்தாகப் படித்தால் விடை நூற்றைந்து. நீளம் பதினைந்து, அகலம் ஏழு. ஏழை ஒன்றாகப் படித்தால் சுற்றளவு முப்பத்திரண்டு. பதினாறு பேரும் கணக்கைத் துல்லியமாகப் போட்டிருந்தார்கள். முதல் பரீட்சையிலும் அப்படித்தான். ஏழு வந்த இடமெல்லாம் சிவப்பு. சிறப்பு வகுப்பில் முன்னால் உட்கார்ந்ததும் பச்சை.

நெட்டைப் பெண் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் 'அது ஒண்ணா, ஏழா' என்று அவள் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னதும்.

"சாரிம்மா" என்றேன். அம்மாவுக்கா மகளுக்கா என்று எனக்கே தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் பார்த்துச் சொன்னேன்.

அந்தம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அப்போ மார்க்கு போட்டுருவீங்க இல்ல சார்?" என்றார். தலையாட்டினேன். "காப்பி அடிச்சான்னு எல்லார் எதிர்லயும் சொன்னீங்களாம். அதையும் எல்லார் எதிர்லயும் சொல்லிடுங்க. ராத்திரி சாப்பிடல இவ." கூடையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். வெளியே டிரில் மாஸ்டரின் விசில் கேட்டது. ஜன்னலில் நாலைந்து தலைகள் சட்டென்று கீழே இறங்கின. நான் சொல்வதற்கு முன்பே செய்தி மைதானத்துக்குப் போய்விட்டது.

இருந்தாலும் சொன்னேன். அடுத்த மணியில் வகுப்பு முழுக்க உட்கார்ந்த பிறகு, காப்பி யாரும் அடிக்கவில்லை, தப்பு என் எழுத்தில், இவள் அன்றைக்கே கேட்டாள், நான்தான் உட்காரச் சொன்னேன், மன்னிக்க வேண்டும் என்று. ஒத்திகை பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு. ஒத்திகை இல்லாததால் குரல் எங்கெங்கோ போனது. முடித்ததும் ஒரு பையன் கையைத் தூக்கினான். "அப்போ சிறப்பு வகுப்பு எதுக்கு சார் வெச்சீங்க?" வகுப்பு சிரித்தது. நெட்டைப் பெண்ணும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக, என்னைப் பார்க்காமல். அவள் என்னோடு பழையபடி பேச ஆரம்பிக்கப் பொங்கல் வரை ஆனது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினாறு பேரில் இரண்டு பையன்கள் உண்மையிலேயே பக்கத்தில் பார்த்து எழுதியிருந்தார்கள். சில நாள் கழித்து அவர்களே வந்து சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

படங்களைக் கிழித்துப் போடப் போனேன். தலைமையாசிரியை விடவில்லை. "படம் உண்மையைத்தானே காட்டிச்சு? அது மேல ஏன் கோபம்?" என்றார். அன்றிலிருந்து கட்டங்களில் கலர் மட்டும் போடுவதை நிறுத்தினேன். தப்பு விடை என்றால் பிள்ளை என்ன எழுதியதோ அந்த எண்ணையே சின்னதாகக் கட்டத்துக்குள் எழுதினேன். பார்க்க அழகாக இல்லை. பார்டருக்கும் இடமில்லை. ஆனால் ஒரே எண் நான்கு கட்டத்தில் வந்தால், நான்கு பேரும் எந்த இடத்தில் வழி மாறினார்கள் என்று தெரிந்தது. பாதி நேரம் அவர்கள் வழி மாறிய இடத்தில் கைகாட்டியாக நான்தான் நின்றிருந்தேன்.

என் அவமானத்தால் ஒரு நன்மையும் நடந்தது. அதுவரை என் படத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போன மற்ற ஆசிரியர்கள் பக்கத்தில் வந்தார்கள். இவனே இவ்வளவு தப்பு விடலாம் என்றால் நாமும் கொஞ்சம் விடலாம் என்ற தைரியமாக இருக்கும். முதலில் கேட்டவர் கன்னட டீச்சர். சொந்த ஊர் கோலார் பக்கம். எங்கள் தமிழைச் சுத்தமாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. என் வகுப்புக்கு அவர் வைத்த சொல்வதெழுதுதலை இருவரும் உட்கார்ந்து கட்டம் போட்டோம். சிவப்பு மழை பெய்தது மாதிரி இருந்தது. பிள்ளைகள் எழுதிய தப்பைக் கட்டத்துக்குள் எழுத எழுத விஷயம் வெளியே வந்தது. தமிழில் ஒரே ஒரு 'த'. கன்னடத்தில் அதற்கு நான்கு எழுத்து. 'தன' என்பதை அழுத்திச் சொன்னால் செல்வம், அழுத்தாமல் சொன்னால் மாடு. எங்கள் பிள்ளைகள் நாட்டின் செல்வத்தையெல்லாம் மாடாக்கி, மாட்டையெல்லாம் செல்வமாக்கி வைத்திருந்தார்கள்.

"காதுல விழவே இல்லை சார் இதுங்களுக்கு" என்றார் டீச்சர்.

"எப்படி விழாம போகும் டீச்சர்? வித்தியாசம் தெளிவா இருக்குதே" என்றேன். நான் கர்நாடகத்தில் பிறந்தவன். பத்தாவது வரை கன்னடம் படித்தவன். ஒரு அவமானத்தோடு மனுஷன் திருந்திவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டீச்சர் ஒரு தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். "நான் சொல்றேன். நீங்க எழுதுங்க."

ஆசிரியர் அறையில், டிரில் மாஸ்டர் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே பத்துச் சொல்லையும் எழுதினேன். டீச்சர் திருத்தினார். என் வகுப்பில் கடைசி மார்க் வாங்கியவனை விட எனக்கு ஒன்று குறைவு.

டீச்சர் அந்தப் படத்தின் அடியில் அளவுகோல் வைத்து நாற்பத்தொன்பதாவது வரிசை ஒன்று இழுத்தார். பெயர் எழுதுகிற இடத்தில் 'கணக்கு சார்' என்று கன்னடத்தில் எழுதி, கட்டங்களைச் சிவப்பால் நிரப்பி, ஒவ்வொன்றிலும் நான் எழுதிய தப்பை அழகான கையெழுத்தில் எழுதிவைத்தார். மறுநாள் அதை வகுப்பறைச் சுவரில் ஒட்டச் சொன்னது தலைமையாசிரியைதான். ஒரு வாரத்துக்கு மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் படத்தின் முன்னால் கூட்டம். மேலே இருந்த நாற்பத்தெட்டு வரிசையையும் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து, விரலை வைத்து, என் வரிசையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.